மணல் வரைபடம் எப்படி உருவாகிறது? ‘இத்தனை யூனிட்’ என்ற கணக்கின் பின்னணி

2023 செப்டம்பரில் தமிழ்நாட்டின் ஆற்றுமணல் குவாரிகளில் அமலாக்கத் துறை சோதனை நடத்தியது. கான்பூர் ஐஐடி வல்லுநர்களைக் கொண்டு 28 குவாரிகளை அளந்ததாகவும், அனுமதிக்கப்பட்டது 4.05 லட்சம் யூனிட், அள்ளப்பட்டதோ 27.70 லட்சம் யூனிட் என்றும் அத்துறை பின்னர் கூறியது. அதன்பின் வழக்கு வேறு திசைகளில் ஓடியது. மாவட்ட ஆட்சியர்களுக்கு அழைப்பாணை போனது. மாநில அரசு அதை எதிர்த்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆட்சியர்கள் ஆஜராக வேண்டும் என்றது. ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஒப்பந்ததாரர்களின் சொத்து முடக்கத்தை ரத்து செய்தது.

சட்டச் சண்டையில் ஓர் அடிப்படைக் கேள்வி அமுங்கிப்போனது. ஓர் ஆற்றிலிருந்து இவ்வளவு மணல் போயிருக்கிறது என்று யாரால், எதை வைத்துச் சொல்ல முடியும்? அதற்கும் முன்னால், இவ்வளவு அள்ளலாம் என்று அனுமதி கொடுத்தபோது அங்கே எவ்வளவு இருந்தது என்பது எப்படித் தெரிந்தது? இரண்டுக்கும் விடை மணல், சரளைப் படிவுகளின் டிஜிட்டல் வரைபடத் தரவில் இருக்கிறது; அல்லது இருந்திருக்க வேண்டும்.

முதலில் அளவை. மணல் வணிகத்தில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது சுமார் 2.83 கன மீட்டர். அமலாக்கத் துறை சொன்ன 27.70 லட்சம் யூனிட் ஏறத்தாழ 78 லட்சம் கன மீட்டர். அரசு அறிக்கைகளோ பெரும்பாலும் டன் கணக்கில் பேசுகின்றன. கன மீட்டரை டன்னாக மாற்ற மணலின் அடர்த்தி வேண்டும். அது ஈரத்தையும் இறுக்கத்தையும் பொறுத்து மாறும். ஆகவே ஒரு செய்தியில் டன்னும் இன்னொன்றில் யூனிட்டும் வந்தால், எந்த அடர்த்தியை வைத்து மாற்றினார்கள் என்று தெரியாமல் இரண்டையும் ஒப்பிடுவதில் பயனில்லை.

எது மணல், எது சரளை

புவியியலாளர்கள் பயன்படுத்தும் வென்ட்வொர்த் அளவுகோலில் 0.0625 மில்லிமீட்டர் முதல் 2 மில்லிமீட்டர் வரையுள்ள துகள் மணல். அதற்கு மேற்பட்டவை சரளை வகை. கட்டுமானத்துக்கான இந்தியத் தர நிர்ணயத்திலோ 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்குவதெல்லாம் நுண் திரள், அதாவது கட்டுமான மணல். இரண்டுக்கும் இடைப்பட்ட 2 முதல் 4.75 மில்லிமீட்டர் வரையிலான பருமணல், புவியியல் வரைபடத்தில் சரளை. பொறியாளரின் கணக்கில் மணல். இரண்டு மூலங்களிலிருந்து தரவு எடுத்து ஒரே வரைபடமாகத் தொகுப்பவர் இதை முதலிலேயே தீர்த்துக்கொள்ளாவிட்டால், ஒரே படிவு இரண்டு பெயர்களில் பதிவாகும்.

தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. இங்கே உரிமப் பத்திரங்களில் ‘கிராவல்’ என்று வருவது பெரும்பாலும் ஆற்றுக் கூழாங்கல் சரளை அல்ல. சாலைக்கும் மனைக்கும் கொட்டும் செம்மண் கலந்த சிதைவுப் பாறை மண். களியும் மணலும் கலந்த நிரப்பு மண்ணான ‘சவுடு’ என்பதும் தனி வகை. சவுடு எடுக்க உரிமம் வாங்கிவிட்டு அடியில் உள்ள ஆற்றுமணலை அள்ளுகிறார்கள் என்ற வழக்குகளில், மண்ணின் கூறுகளைச் சோதிக்காமல் சவுடு அனுமதி தரக்கூடாது என்று 2020-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடுக்க வேண்டியிருந்தது. ஒரு பட்டா நிலத்தின் மேல் 1 மீட்டருக்குச் சவுடும் அதன் கீழ் 4 மீட்டருக்கு மணலும் இருந்தால் வரைபடத்தில் அந்த இடத்துக்கு என்ன நிறம் கொடுப்பது? மேற்பரப்பை மட்டும் காட்டும் வரைபடம் இந்தத் தில்லுமுல்லுக்குத் துணைபோகிறது.

மூன்று வகைப் படிவுகள், மூன்று வகைக் கணக்குகள்

1. ஓடும் ஆற்றின் படுகை மணல். வெள்ளத்தில் வரும், வெள்ளத்தில் போகும். இதன் அளவுக்குத் தேதி இல்லாவிட்டால் பொருள் இல்லை.

2. பழைய ஆற்றுப் படிவுகள். ஆறு முன்பு ஓடிய தடங்களிலும் கரையோரச் சமவெளிகளிலும் களிமண்ணுக்கு அடியில் புதைந்திருப்பவை. இவை நகராதவை, ஒருமுறை அளந்தால் போதும். அள்ளினால் திரும்ப வராதவையும் இவைதான். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளின் நிலத்தடி நீர்வயல்கள் ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகைகளின் இத்தகைய மணற்படிவுகளில் அமைந்தவை. 1960-களில் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியுடன் நடந்த ஆய்வில்தான் இவை முறையாக அடையாளம் காணப்பட்டன. தண்ணீருக்காகத் தோண்டிய துளைகள் இன்று மணல் தரவாகவும் பயன்படும்.

3. கடற்கரை மணலும், தேரி எனப்படும் செம்மணல் மேடுகளின் மணலும். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளில் இவற்றில் இல்மனைட், கார்னெட் போன்ற கனிமங்கள் கலந்திருப்பதால் சட்டமே வேறு. கட்டுமான மணல் கணக்கில் இவற்றைச் சேர்க்கவே கூடாது.

முதல் வகையையும் இரண்டாம் வகையையும் ஒரே வரைபட அடுக்கில் ‘மணல் இருப்பு’ என்று போட்டுக் கூட்டுவதுதான் இந்தத் துறையின் மிகப் பெரிய பிழை என்பேன். ஒன்று ஆண்டு வரவு, மற்றொன்று மூலதனம். இரண்டையும் கூட்டி வரும் எண் பெரிதாகத் தெரியும். அதை வைத்து அனுமதி கொடுப்பது எளிதாகவும் இருக்கும்.

பரப்பு எளிது, தடிமன் கடினம்

மணல் எங்கே பரவியிருக்கிறது என்பதை இன்று வானிலிருந்தே பார்க்கலாம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2015 முதல் 10 மீட்டர் துல்லியத்தில் இலவசப் படங்கள் தருகின்றன. லேண்ட்சாட் தொடர் 1972 முதல் இருக்கிறது. உலர் மணல் திட்டு படத்தில் பளிச்சென்று தெரியும். இந்தியப் புவியியல் ஆய்வகத்தின் 1:50,000 அளவு வரைபடங்கள் ‘பூகோஷ்’ தளத்தில் கிடைக்கின்றன. ஆனால் அந்த அளவில் தாளின் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். 100 மீட்டர் அகல மணல் திட்டு அதில் இரண்டு மில்லிமீட்டர் கோடு. மாவட்டத்தைப் புரிந்துகொள்ள அது போதும். ஐந்து ஹெக்டேர் குவாரிக்கு எல்லை போட உதவாது. கணினித் திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கூர்மையாகத் தெரிவதால் பலர் ஏமாறுவது இங்கேதான்.

பரப்பை மட்டும் வைத்து அளவு சொல்வது, களத்து நெற்குவியலை நேர்மேலிருந்து படமெடுத்து மூட்டைக் கணக்கு சொல்வதற்குச் சமம். தடிமன் தெரிய வேண்டும். அதற்கு வழிகள் சில:

1. சோதனைக் குழி, ஆழ்துளை. உறுதியான சான்று இதுதான். ஆனால் துளை போட்ட இடத்துக்கு மட்டுமே அது பேசும்; இரண்டு துளைகளுக்கு இடையில் இருப்பது ஊகம்.

2. மின்தடை ஆய்வு. தரையில் மின்னோட்டம் செலுத்தி அடியில் உள்ள அடுக்குகளின் மின்தடையை அளப்பது. நன்னீர் நிறைந்த மணலுக்குத் தடை அதிகம், களிமண்ணுக்குக் குறைவு. கடலோரத்தில் இது காலை வாரும். உப்புநீர் புகுந்த மணல் களிமண் போலவே குறைந்த தடையைக் காட்டும்.

3. ஏற்கெனவே உள்ள கிணறுகள், குடிநீர்த் துளைகள், பாலத் தூண்களுக்குத் தோண்டிய அடித்தளக் குழிகள் ஆகியவற்றின் பதிவேடுகள். அரசு அலுவலகங்களில் இவை குவிந்து கிடக்கின்றன. இவற்றைத் தேடியெடுத்து, இடத்தைச் சரிபார்த்து, கணினியில் ஏற்றுவதுதான் தொகுப்புப் பணியின் பெரும்பகுதி. யாரும் பாராட்டாத வேலை.

பிரிட்டனின் புவியியல் ஆய்வகம் 1960-களின் இறுதியிலிருந்து மணல், சரளை இருப்பைத் துளைகள் போட்டு அளந்து 1:25,000 அளவில் அறிக்கைகள் வெளியிட்டது. எதைப் படிவு என்று கணக்கில் எடுப்பது என்பதற்கு அவர்கள் வெளிப்படையான வரம்பு வைத்திருந்தார்கள்: சராசரித் தடிமன் குறைந்தது 1 மீட்டர், மேலே மூடியிருக்கும் மண் மணலைப் போல மூன்று மடங்குக்கு மிகாமல் இருக்க வேண்டும், நுண்துகள் 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, தரையிலிருந்து 25 மீட்டருக்குள் இருக்க வேண்டும். வரம்புகள் வேறாக இருக்கலாம். வரம்பு எழுதப்பட்டிருப்பதால், பிறகு வருபவர் அந்த எண்ணைச் சரிபார்க்கவும் திருத்தவும் முடியும்.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அமைச்சக அறிவிக்கை மாவட்ட ஆய்வறிக்கைக்கு (ஒரு மாவட்டத்தில் எங்கே எவ்வளவு மணல் இருக்கிறது, எங்கே அள்ளலாம் என்று கூறும் அறிக்கை) கொடுத்த படிவத்தில், மொத்த இருப்பில் 60 விழுக்காட்டை அள்ளத்தக்கதாகக் காட்டும் பத்தி இருக்கிறது. மொத்தம் என்பதே குத்துமதிப்பானால் அதன் 60 விழுக்காடும் குத்துமதிப்புதான். பெருக்கிப் போட்டதால் துல்லியம் வந்துவிடாது.

உயரத்தில் ஒளிந்திருக்கும் பிழை

அள்ளிய மணலின் கன அளவு என்பது இரண்டு மேற்பரப்புகளுக்கு இடையிலான வித்தியாசம்: அள்ளுவதற்கு முன் இருந்த படுகை மட்டம், அள்ளிய பின் உள்ள மட்டம். 10 சென்டிமீட்டர் உயரப் பிழை என்ன செய்யும் என்று பார்ப்போம். ஐந்து ஹெக்டேர் என்பது 50,000 சதுர மீட்டர். அதை 0.1 மீட்டரால் பெருக்கினால் 5,000 கன மீட்டர், அதாவது சுமார் 1,766 யூனிட். இரண்டு யூனிட் ஏற்றும் லாரியில் 880 நடைக்கு மேல். ஒரு சாண் கூட இல்லாத பிழையில் இவ்வளவு மணல் தோன்றவோ மறையவோ செய்யும்.

2000-ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து எடுக்கப்பட்ட எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு இலவசமாகக் கிடைப்பதால் பலர் அதை எடுத்துவிடுகிறார்கள். அதன் உயரப் பிழை மீட்டர்களில் இருக்கிறது. ஒன்றிரண்டு மீட்டர் ஆழக் குவாரியை அளக்க அது பயன்படாது. ட்ரோன் படமோ லேசர் அளவீடோ, தரையில் துல்லியமாக அளந்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளோடு சேர்ந்தால்தான் சென்டிமீட்டர் கணக்குக்கு இறங்கலாம். தண்ணீர் நிற்கும் இடத்தில் சாதாரண லேசரும் தோற்றுவிடும். அங்கே படகிலிருந்து ஒலியலைக் கருவி கொண்டு ஆழம் பார்க்க வேண்டும்.

இன்னொரு பொறி நம் ஊருக்கே உரியது. ஜிபிஎஸ் தரும் உயரம் பூமியின் கணித வடிவத்திலிருந்து அளக்கப்படுவது, கடல்மட்டத்திலிருந்து அல்ல. உலகிலேயே இவ்விரண்டும் மிகவும் விலகும் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அதனால் தமிழ்நாட்டில் ஜிபிஎஸ் உயரம் கடல்மட்ட உயரத்தைவிட 80, 90 மீட்டர் அளவுக்குக் குறைவாக வரும். இவ்வளவு பெரிய வித்தியாசம் உடனே கண்ணில் பட்டுவிடும் என்பது உண்மை. ஆனால் திருத்தும்போது ஒருவர் ஒரு கடல்மட்டக் கணக்கு மாதிரியையும் இன்னொருவர் வேறொன்றையும் பயன்படுத்தினால் மிஞ்சும் சில பத்து சென்டிமீட்டர்கள் யார் கண்ணிலும் படாது.

கிடைமட்டத்திலும் இதே கதை. பழைய நில அளவைத் தாள்கள் எவரெஸ்ட் என்ற ஆதார அமைப்பில் (இடங்களை அளக்க அடிப்படையாகக் கொள்ளும் பூமி வடிவம்) வரையப்பட்டவை. ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ்-84 அமைப்பில் இயங்குகிறது. மாற்றாமல் ஒன்றன்மேல் ஒன்று போட்டால் 100 மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். குவாரியின் எல்லை ஆற்றிலிருந்து கரைக்கு ஏறிவிட இது போதும். அனுமதி கொடுப்பதோ வருவாய்த் துறையின் புல எண் அடிப்படையில். ஆறு நகரும், புல எண் நகராது. கிராம வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தும்போது இன்று தண்ணீர் ஓடும் இடம் யாரோ ஒருவரின் பட்டாவாகவும், தென்னந்தோப்பு ஆற்றுப் புறம்போக்காகவும் தெரிவது அன்றாடம்.

தேதி இல்லாத மணல்

2020 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட கண்காணிப்பு வழிகாட்டி, ஒவ்வொரு குவாரிக்கும் ஆண்டுக்கு நான்கு அளவீடுகள் கேட்கிறது: ஏப்ரலில், மழைக்காலத்துக்காகக் குவாரியை மூடும்போது, மழைக்குப் பின், மார்ச் இறுதியில். மழைக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம்தான் ஆறு திருப்பித் தந்த மணல். இதுவே மறுபடிவு ஆய்வு.

இந்த நாட்காட்டி தென்மேற்குப் பருவமழையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது போலிருக்கிறது. காவிரியில் வழக்கமாக மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடும். அதற்கிடையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. படுகை உலர்ந்து அளக்க ஏதுவாக இருப்பது பிப்ரவரி முதல் மே வரைதான். கொள்ளிடத்திலோ உபரி நீர் வந்தால்தான் வெள்ளம். சில ஆண்டுகள் பெரிதாக ஒன்றுமே வராது. முக்கொம்பில் மதகுகள் உடைந்த 2018 ஆகஸ்ட் வெள்ளம் போன்ற சில நாள்கள் பல ஆண்டுகளின் மணலை இடம் மாற்றிவிடும். ஓராண்டு அளவீட்டை எடுத்து ‘ஆண்டுதோறும் இவ்வளவு வரும்’ என்று எழுதுவது ஆற்றைப் பற்றித் தெரியாதவர் செய்வது.

அளவீடே செய்யாமல் சூத்திரத்தால் சமாளிப்பதும் நடக்கிறது. பல மாவட்ட அறிக்கைகளில் டென்டி–போல்ட்டன் சமன்பாடு வருகிறது. 1976-இல் அமெரிக்க நீர்த்தேக்கங்களில் சேர்ந்த வண்டலை வைத்து உருவாக்கப்பட்டது அது. நீர்ப்பிடிப்புப் பரப்பும் நீரோட்ட அளவும் கொடுத்தால் மொத்த வண்டல் எவ்வளவு என்று சொல்லும். அதில் மணல் எத்தனை பங்கு, களி எத்தனை பங்கு என்று சொல்லாது. மேலே ஓர் அணை மணலைத் தடுத்து நிறுத்தியிருப்பதும் அதற்குத் தெரியாது. 1934 முதல் மேட்டூர் நின்றுகொண்டிருக்கும் ஆற்றுக்கு அதைப் பொருத்துவதை எப்படி நியாயப்படுத்துவது என்று எனக்கு விளங்கவில்லை.

அள்ளியதைக் கண்டுபிடிக்கும் கணக்கிலும் தேதி குறுக்கே வரும். பள்ளம் தோண்டிய பின் வெள்ளம் வந்து பாதி நிரப்பிவிட்டால், அதன்பின் அளப்பவருக்குப் பாதிதான் தெரியும். உண்மையில் அள்ளியது = தெரியும் பள்ளம் + இடையில் வந்து படிந்தது. பழைய மட்டம் பதிவாகியிருக்காவிட்டால் இந்தக் கணக்கை இரு தரப்பும் தங்களுக்கு ஏற்றபடி வளைக்கலாம். குவாரி தொடங்கும் முன் படுகை மட்டத்தை அளந்து பொதுவில் வைத்திருந்தால் வழக்கில் பாதி வாதத்துக்கு இடமே இருந்திருக்காது.

அடுக்குகளைச் சேர்க்கும்போது

இருப்பு அடுக்கு தயாரான பிறகு, எங்கே கைவைக்கக் கூடாது என்ற அடுக்குகளை அதிலிருந்து கழிக்க வேண்டும். பாலத்திலிருந்து மேல்நோக்கி அதன் நீளத்தைப் போல ஐந்து மடங்கு, கீழ்நோக்கிப் பத்து மடங்கு. எப்படியும் முறையே 250, 500 மீட்டருக்குக் குறையாமல். கரையிலிருந்து ஆற்றின் அகலத்தில் கால் பங்கு, குறைந்தது 7.5 மீட்டர். ஆழம் 3 மீட்டருக்கு மிகாமல். இவற்றோடு குடிநீர்த் திட்டக் கிணறுகளும் சேர வேண்டும். ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போன்றவை திருச்சிப் பகுதிக் காவிரி, கொள்ளிடப் படுகையிலிருந்தே நீர் எடுக்கின்றன. அங்கே மணல்தான் நீர்த்தொட்டி. மணல் வரைபடமும் நிலத்தடி நீர் வரைபடமும் ஏறத்தாழ ஒன்று. இரண்டையும் இரண்டு துறைகள் தனித்தனியே வைத்திருப்பது நிர்வாகத்தின் வசதி.

எல்லைச் சிக்கலும் உண்டு. அறிக்கை மாவட்டம் தோறும் தயாராகிறது. ஆறுகளோ பல இடங்களில் மாவட்ட எல்லையாகவே ஓடுகின்றன. அரியலூருக்கும் தஞ்சாவூருக்கும் இடையில் கொள்ளிடம் அப்படித்தான். நடு ஆற்றுத் திட்டு ஒன்றை இரு மாவட்டங்களும் தத்தம் கணக்கில் சேர்க்க இடமிருக்கிறது. ஒரு கரையில் அள்ளினால் மறு கரையின் இருப்பு குறைவது எந்த அறிக்கையிலும் வராமல் போகவும் இடமிருக்கிறது. ஆற்றுப்படுகை முழுவதற்கும் ஒரே தரவுத்தளம் வைத்து, மாவட்ட அறிக்கையை அதிலிருந்து வெட்டி எடுப்பதே சரியான முறை.

நீதிமன்றம் வரை போகும் வரைபடம்

2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்றது. 2016-இல் மாவட்ட ஆய்வறிக்கை வந்தது. 2025 மே மாதம் உத்தரப் பிரதேச வழக்கில், வரைவு நிலையிலுள்ள அறிக்கையை வைத்து அனுமதி தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜம்மு–காஷ்மீர் வழக்கில் இன்னும் ஒரு படி போனது: மறுபடிவு ஆய்வு இல்லாத மாவட்ட அறிக்கை செல்லாது. தரவு இல்லாவிட்டால் குவாரியே இல்லை என்ற நிலைக்குச் சட்டம் வந்துவிட்டது.

வரைவு அறிக்கையை மாவட்ட இணையதளத்தில் 21 நாள்கள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என்பது விதி. அந்த நாள்களில் அதைத் திறப்பவர் பார்க்க வேண்டியவை:

1. இருப்பு எண்ணுக்குப் பக்கத்தில் அளந்த தேதி இருக்கிறதா? எத்தனை துளைகள், எத்தனை குழிகள் போட்டார்கள்?

2. தடிமன் அளக்கப்பட்டதா, அல்லது எல்லாக் குவாரிகளுக்கும் ஒரே மாதிரி 1 மீட்டர், 2 மீட்டர் என்று இருக்கிறதா? இயற்கையில் அப்படி ஒரே சீராக அமைவதில்லை.

3. மறுபடிவு என்பது இரு தேதி அளவீடுகளின் வித்தியாசமா, சூத்திரமா?

4. உயரம் எந்த ஆதார மட்டத்திலிருந்து, எந்தக் கட்டுப்பாட்டுப் புள்ளியிலிருந்து அளக்கப்பட்டது?

5. குவாரி எல்லையின் மூலைப் புள்ளிகள் அட்சரேகை, தீர்க்கரேகையுடன் எழுத்தாகத் தரப்பட்டுள்ளனவா? பல அறிக்கைகளில் வரைபடம் வெறும் படமாகப் பிடிஎஃப் கோப்புக்குள் ஒட்டப்பட்டிருக்கிறது. அதை வேறொரு அடுக்கின்மேல் போட்டுப் பார்க்க வழியில்லை. கணினியில் திறந்து சோதிக்கத்தக்க வரைபடக் கோப்பாகவே வெளியிடும்படி இந்த 21 நாள்களில் எழுத்து மூலம் கேட்கலாம். அந்தக் கோப்பு அலுவலகக் கணினியில் ஏற்கெனவே இருக்கும். அது இல்லாமல் அந்தப் படத்தை வரைந்திருக்க முடியாது.